இரண்டு கோப்பும் சேர்ந்து திறந்த நாள்

என் கையால் செய்த வேலையில் ஏதாவது ஒரு கோளாறு இருந்துவிடக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையிலேயே அந்த ஒரு நாள்தான். ஒன்பது வருடமாக எங்கள் மலையூர் நாரினின் பஜாரில், இரண்டாம் மாடியில் லேப்டாப் பழுது பார்க்கிறேன். நான் திறந்து மூடிய பெட்டி அதே குறையோடு திரும்பி வந்ததில்லை என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடிப்பேன். கீழ்மாடியில் செருப்பு விற்கிறவர்கள் கூட, பெர்மெத் கை வைத்தால் செத்தது எழுந்து நடக்கும் என்பார்கள். அன்றைக்கு அது எழுந்து நடக்காமல் கிடந்திருக்கலாம்.

சோனுன் எஜே வந்தது அக்டோபர் கடைசியில், என் கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருக்கும்போது. எழுபது வயதிலும் ஊரில் எல்லோருக்கும் அவர் எஜேதான், மூத்த அக்காதான். நிலப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுநாளே எங்கள் பள்ளத்தாக்குகளின் குலங்களையெல்லாம் எழுதி வைக்கக் கிளம்பியவர். காலம் காலமாக ஆண்கள் செய்துவரும் வேலை அது. "தாடி முளைக்காத வம்சாவளிக்காரர்" என்று பஜாரில் கேலி செய்வார்கள். கேலி செய்கிறவர்களே, வீட்டில் பெண்ணோ பையனோ கல்யாணத்துக்கு நின்றால் முதலில் போய் நிற்பது அவர் வாசலில்தான். ஏழு தலைமுறைத் தந்தைகளுக்குள் இரண்டு பக்கமும் ஒரே பெயர் வந்துவிட்டால் அங்கே பேச்சே கிடையாது. பங்காளி. அண்ணன் தங்கை.

எனக்கும் நான் கட்டிக்கொள்ளப்போகும் தாலாய்க்கும் பார்த்துச் சொன்னது அவர்தான். இரு வீட்டுக் கிழவர்களும் எதிரெதிரே உட்கார்ந்து ஏழு பெயர்களை மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். எஜே தன் தாள்களைப் பார்த்துவிட்டு, "இருபது தலைமுறைக்கு ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது, தாராளமா நடத்துங்க" என்றார். அவருக்கு ஒரு பட்டுத் தலைக்குட்டை போர்த்தினார்கள். அடுத்த வாரம் தாலாயின் அம்மா வந்து என் காதில் வெள்ளித் தோடு மாட்டினார். தோடு மாட்டிவிட்டால் முடிந்தது, நான் அந்த வீட்டுப் பெண்.

"இந்தா, உன் கல்யாணப் பரிசு," என்று எஜே மேசையில் வைத்தது ஒரு கிழட்டு லேப்டாப். மூலை உடைந்து, பிளாஸ்டர் ஒட்டி, உள்ளே அரைக்கிற சத்தம் கேட்டது.

"இது லேப்டாப்பா எஜே, இல்ல ரொட்டி சுடுற அடுப்பா? கை வெக்க முடியல."

"வாய மூடுடி. பதினோரு வருஷமா உன்ன விட ஒழுங்கா உழைக்குது. ஒரே ஒரு குறைதான். மேல்பள்ளத்தாக்கு ஃபைலத் தொறந்தா கீழ்ப்பள்ளத்தாக்கு ஃபைல் தொறக்க மாட்டேங்குது. ரெண்டையும் தொறந்தா அப்படியே மயக்கம் போட்டு விழுந்துடுது."

பார்த்தேன். ஒவ்வொரு கோப்பிலும் ஆயிரக்கணக்கான பெயர்கள். அது கூடப் பரவாயில்லை. கிழவர் கிழவிகளின் படங்களைக் கைபேசியில் எடுத்து, கொஞ்சமும் சிறிதாக்காமல் அப்படியே கொண்டுவந்து ஒட்டியிருந்தார். நான்கு ஜிபி ரேமும் சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க்கும் இதைத் தூக்க வேண்டுமென்றால் கழுதை மேல் வீட்டை ஏற்றுகிற மாதிரிதான்.

"இத்தனை வருஷம் ஒண்ணொண்ணாத்தானே பாத்தீங்க? இப்ப என்ன அவசரம்?"

"உனக்காகத்தாண்டி! அவங்க அப்பனுங்க ஏழு பேரு, உங்க அப்பனுங்க ஏழு பேரு. எல்லாரையும் ஒரே தாள்ல, சுத்தி ஆட்டுக்கொம்புக் கோலம் போட்டு, அச்சடிச்சு, சட்டம் போட்டுத் தரப்போறேன். கல்யாணத்தன்னிக்கு நடு வீட்ல மாட்டணும்."

"என் பேரு அதுல வருமா?"

"பொம்பளப் புள்ள பேர வம்சாவளில எழுதுவாங்களா? உங்கப்பன் பேரோட நின்னுடும்."

"அப்ப யாருக்குக் கல்யாணம் எஜே, எங்கப்பனுக்கும் தாலாய்க்குமா?"

எஜே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

வேலைக்கு உட்காரும்போது உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்பது என் பழக்கம். தோடுகளைக் கழற்றித் திருகாணி போடுகிற காந்தத் தட்டில் வைத்தேன். சுவரோரம் ஓடும் வெந்நீர்க் குழாயைத் தொட்டு, கையில் இருக்கும் மின்சாரத்தை இறக்கினேன். பதினோரு திருகாணி. அடிமூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு தொப்பி தைக்கிற அளவுக்குத் தூசி. அதை ஊதி, விசிறிக்கு எண்ணெய் விட்டு, இரண்டு பழைய ரேம் அட்டைகளையும் கழற்றினேன். அந்த இடத்தில் எட்டு எட்டு ஜிபியாக இரண்டு புது அட்டைகளைச் சாய்வாக நுழைத்து அழுத்தினேன். இரண்டு பக்கக் கொக்கியும் சடக்கென்று விழுகிற சத்தம் எனக்குப் பாட்டுக் கேட்கிற மாதிரி. பழைய ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்து, அதிலிருந்ததை அப்படியே புது எஸ்எஸ்டிக்கு நகலெடுக்கப் போட்டேன். இரண்டு மணி நேர வேலை. பழைய டிஸ்க்கை நான் ஒரு மாதத்துக்கு அழிக்க மாட்டேன். யாருக்கு எப்போது என்ன தேவைப்படும் என்று சொல்ல முடியாது.

நகல் ஓடிக்கொண்டிருக்கும்போது டீ குடித்தோம். எஜே உப்புத் தயிர் உருண்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, "அவன எப்படிடி புடிச்ச?" என்றார்.

"நான் எங்க புடிச்சேன். அவர் ஓட்டுற மினிபஸ்ல ஏறினேன். மார்க்கெட் வந்ததும், எல்லாரும் டிரைவர அண்ணன்னு கத்திக் கூப்பிடுற மாதிரி, 'பைகே, நிறுத்துங்க'ன்னேன். அவர் கண்ணாடில பாத்து கண்ணடிச்சாரு. எனக்கு வந்ததே கோவம்! முன்னால போய் நாலு வார்த்தை கேட்டேன். அப்புறம் பாத்தா பாவம், அவருக்கு இடது இமை பொறந்ததுலேர்ந்தே பாதி மூடித்தான் இருக்கும்."

"அப்புறம்?"

"'பைகே மன்னிச்சுடுங்க'ன்னேன். 'அண்ணன்னு கூப்பிட்டா வண்டி நிக்காது. வேற எப்படி வேணா கூப்பிடு'ன்னாரு. நான் இறங்க வேண்டிய இடம் தாண்டி நாலு நிறுத்தம் போயிடுச்சு."

எஜே என் முதுகில் ஒரு அடி வைத்தார்.

நகல் முடிந்தது. புது எஸ்எஸ்டியை உள்ளே வைத்து, மூடி, பொத்தானை அழுத்தினேன். முன்பெல்லாம் எஜே இதை இயக்கிவிட்டு மாவு பிசையப் போய்விடுவாராம், பிசைந்து முடிக்கும்போது தயாராக இருக்குமாம். இப்போது பத்து எண்ணுவதற்குள் திரை வந்துவிட்டது. எஜே வாயைப் பிளந்தார். மேல்பள்ளத்தாக்கைத் திறந்தார். திறந்தது. பயந்து பயந்து கீழ்ப்பள்ளத்தாக்கைத் திறந்தார். அதுவும் திறந்தது. இரண்டும் திரையில் அக்கம்பக்கமாக, படங்களோடு பளிச்சென்று நின்றன.

"அடி என் தங்கமே! பதினோரு வருஷத்துல இதுங்க ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்ததே இல்லடி!"

"தேடிப் பாருங்க. ரெண்டுலயும் சேத்துத் தேடுற மாதிரி வெச்சிருக்கேன். ஒரு பேர அடிங்க."

தாலாயின் தாத்தா பெயரை அடித்தார்: துருஸ்பெக். அவர் இருப்பது கீழ்ப்பள்ளத்தாக்குக் கோப்பில். அந்தப் பக்கத்துக்குப் போய் ஏழு பேரையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது எஜேயின் எண்ணம்.

கண் இமைக்கும் நேரத்தில் பட்டியல் வந்தது. நிறைய துருஸ்பெக்குகள். ஆனால் 1942இல் பிறந்தவர் இரண்டே பேர். ஒருவர் கீழ்ப்பள்ளத்தாக்கில், அட்-பாஷி ஊர்க் குதிரைக்காரர் சொல்தோபாயின் ஒரே மகன், தாலாயின் தாத்தா. இன்னொருவர் மேல்பள்ளத்தாக்கில். எங்கள் பக்கத்தில்.

"யாருடி இது உங்க வீட்ல?" என்று எஜே சாதாரணமாகத்தான் கேட்டார், கேட்டுக்கொண்டே அதை அழுத்தினார்.

கரிப்பாய் என்ற பெயருக்குக் கீழே வந்து நின்றது. கரிப்பாய் என் அப்பாவின் தாத்தா, போருக்குப் போய்த் திரும்பாதவர். அவருக்குக் கீழே அவர் பிள்ளைகள். மூத்தவர் இசா, என் தாத்தா. அப்புறம் இரண்டு பேர். கடைசியில் எஜே தன் கையாலேயே அடித்திருந்த வரி:

"துருஸ்பெக், 1942. தகப்பன் போர்முனையில். 1943 பிப்ரவரி, வீட்டில் மாவு இல்லை. பிள்ளையில்லாத குதிரைக்காரர் சொல்தோபாய், அட்-பாஷி, வளர்க்க எடுத்துப் போனார். சொன்னவர்: கரிப்பாயின் மகள் சைரா."

நான் அதைப் படித்தேன். மறுபடி படித்தேன். எழுத்துகள் தெரிந்தன, அர்த்தம் ஏறவில்லை. எஜே தன் சட்டைக் காலரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரில் நம்ப முடியாததைக் கண்டால் பிடிக்கிற பிடி அது. ஆனால் அவர் பிடித்த கை விடவே இல்லை.

"இல்ல," என்றேன். "இது தப்பு. மெஷின்ல ஏதோ கோளாறு. புது ரேம் சில சமயம் எழுத்த மாத்திடும்."

எழுத்தை மாற்றும், கிறுக்கலாக்கும். ஒரு குதிரைக்காரனின் பெயரை ஊரோடு சேர்த்து எழுதாது. அது எனக்குத் தெரியாதா? இருந்தாலும் நினைவகச் சோதனையை ஓட விட்டேன். நாற்பது நிமிடம். நாங்கள் இரண்டு பேரும் திரையில் ஏறுகிற எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மற்ற நாளில் ஒரு பிழை காட்டினால் விற்றவன் வீடு வரை போய்ச் சண்டை போடுவேன். அன்றைக்கு, ஒரு பிழை, ஒரே ஒரு பிழை காட்டு என்று கெஞ்சினேன். முடிவில் பூஜ்யம் என்று வந்தது. என் வேலையில் ஒரு குறையும் இல்லை.

நகலில் ஏதோ கலந்துவிட்டது என்று பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து என் சொந்த லேப்டாப்பில் மாட்டினேன். அதே கோப்பு, அதே பக்கம், அதே வரி. அது அங்கே பதினோரு வருடமாகச் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தது.

"நீங்கதானே எஜே டைப் பண்ணீங்க? உங்க கைதானே? ரெண்டு பக்கமும் பாத்துட்டேன்னு சொன்னீங்களே, தலைக்குட்டை வாங்கிக்கிட்டீங்களே!"

"சைரா கிழவி சாகுறதுக்கு முந்தின மாசம் சொன்னாடி. அன்னைக்கு ஒரு நாள்ல முந்நூறு பேரு எழுதினேன். கொடுத்த புள்ளையப் பத்தி யாரும் பேச மாட்டாங்க, பேசினா திருப்பிக் கேக்குற மாதிரி ஆயிடும்னு. அவ ஒருத்திதான் வாயத் தொறந்தா. நானும் எழுதினேன், மறந்துட்டேன்." எஜே திரையை விரலால் காட்டினார். "உங்களுக்குப் பாக்கும்போது இந்த ஃபைலத் தொறந்து உங்க அப்பனுங்களத் தாள்ல எழுதினேன். மூடினேன். அதத் தொறந்து அவன் அப்பனுங்கள எழுதினேன். அப்பனுக்கு அப்பன், அவனுக்கு அப்பன்னு மேலயேதான் போனேன். பக்கத்துல எட்டிப் பாக்கல. எட்டிப் பாக்க இது விட்டாத்தானே!"

லேப்டாப்பை ஓங்கி ஒரு அறை அறைந்தார். அது அசையாமல் பளிச்சென்றே நின்றது.

"ஊருக்கு நாலு சொல்தோபாய் இருப்பாங்க," என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

எஜே இரண்டு கோப்பிலும் ஒட்டியிருந்த படங்களைப் பெரிதாக்கினார். முன்பு ஒரு படம் மேலிருந்து கீழே வந்து முடிவதற்குள் பொறுமை போய்விடுமாம். இப்போது இரண்டும் ஒரே நொடியில் வந்தன. இந்தப் பக்கம் வெள்ளைத் தொப்பி போட்ட என் தாத்தா இசா. அந்தப் பக்கம் வெள்ளைத் தொப்பி போட்ட துருஸ்பெக். என் தாத்தாவின் இடது இமை பாதி மூடியிருக்கும். சின்ன வயதில் குதிரை உதைத்தது என்று வீட்டில் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். துருஸ்பெக்கை எந்தக் குதிரை உதைத்தது? அவருக்கும் இடது இமை பாதி மூடியிருந்தது.

தொட்டியோரம் போய் முகத்தில் தண்ணீர் அடித்தேன். என் தாத்தாவும் அவர் தாத்தாவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். ஏழாவது தந்தை இல்லை, ஆறாவது இல்லை. மூன்றாவது. விரல் விட்டு எண்ண ஒரு கையே போதும். அந்த இமையைத்தான் நான் பஸ்ஸில் பார்த்துச் சண்டை போட்டேன், அந்த இமையின் மேல்தான் போன வாரம் யாரும் பார்க்காதபோது முத்தம் கொடுத்தேன். என் தாத்தாவின் கண்.

"எடுத்துடு," என்றார் எஜே திடீரென்று.

"எத?"

"இன்னைக்கு நீ மாட்டினத எல்லாம். பழையத மாட்டிடு. மறுபடி மெதுவா ஆயிடும். ரெண்டும் சேந்து தொறக்காது. யாருக்கும் தெரியாது. நான் அந்தத் தாளும் அச்சடிக்கல, ஒண்ணும் அச்சடிக்கல."

எழுபது வயதுப் பெண், இரண்டு பள்ளத்தாக்கின் கல்யாணங்களையும் நிறுத்தவும் நடத்தவும் வல்லவர், பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்துக் கெஞ்சினார். நான் உண்மையில் திருப்புளியைக் கையில் எடுத்தேன். மூன்று திருகாணிகளைக் கழற்றியும் விட்டேன். அப்புறம்தான், எதற்கு இவ்வளவு பாடு, ஒரு வரிதானே என்று தோன்றியது. லேப்டாப்பை நிமிர்த்தி வைத்து அந்த வரியை முழுக்கத் தேர்ந்தெடுத்தேன். நீல நிறமானது. அழிக்கிற விசை மேல் விரலை வைத்தேன். எனக்குத் தாலாய் வேண்டும். வேறெதுவும் வேண்டாம். அதை வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அவர் வேண்டும்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவது ஊரிலேயே ஒருவர்தான்.

"பெர்மெத்! சூடா சம்சா. ஆறிடுச்சுன்னா என்னக் குத்தம் சொல்லாத, உங்க படிக்கட்டச் சொல்லு." தாலாய் தொப்பியில் இருந்த பனியைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தார். எஜேயைப் பார்த்ததும் மார்பில் கை வைத்து வணங்கினார். "சோனுன் எஜே, நீங்களும் இருக்கீங்களா? நல்லவேளை நாலு வாங்கினேன். என்ன, ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? மெஷின் செத்துடுச்சா?"

எஜே வேறு பக்கம் திரும்பித் தலைக்குட்டை முனையை வாயில் திணித்துக்கொண்டார்.

தாலாய் என் பக்கத்தில் வந்து குனிந்தார். வெங்காயமும் கொழுப்பும் மணந்தன. "காது ஏன் மொட்டையா இருக்கு?" என்றார் மெதுவாக. "எங்கம்மா பாத்தா அவ்வளவுதான். எங்க தோடு?"

தட்டைப் பார்த்தேன். இரண்டு தோடும் அங்கேதான் இருந்தன, கழற்றிய மூன்று திருகாணிகளின் பக்கத்தில், காந்தத்தில் ஒட்டாமல் தனியாகக் கிடந்தன. அவர் எடுத்து நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளாததைக் கண்டு என் முகத்தைப் பார்த்தார். நானும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். கிட்டத்தில், பகல் வெளிச்சத்தில், அந்த இமை.

விரலை விசையிலிருந்து எடுத்தேன். எதை அழித்து என்ன? நாற்பது வருடம் தினமும் காலையில் டீ கொடுக்கும்போது என் தாத்தா என்னைப் பார்ப்பாரே.

"பைகே," என்றேன். "நிறுத்துங்க."

அவர் கடகடவென்று சிரித்தார். முதல்நாள் நினைவு வந்துவிட்டது அவருக்கு. விளையாடுகிறேன் என்று நினைத்து, கையில் தோட்டை வைத்துக்கொண்டே, வண்டி ஓட்டுகிற மாதிரி காற்றில் ஸ்டீயரிங்கைப் பிடித்து, பிரேக்கை மிதித்தார்.

"அண்ணன்னு கூப்பிட்டா வண்டி நிக்காதுன்னு சொல்லியிருக்கேன்ல? சரி சொல்லுங்கம்மா, எங்க இறங்கணும்?"

நான் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன்.

"இங்கயேதான், பைகே," என்றேன்.